மூஸ் ஊரில் எழுதப்பட்ட நாட்குறிப்பு: வேதப்பன் சாலமனும் தமிழ் நாட்குறிப்பு ஆய்வும்

தமிழில் நாட்குறிப்பு இலக்கியம் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் புதுச்சேரியில் தொடங்கிப் புதுச்சேரியிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினப்படி சேதிக் குறிப்பும், இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய குறிப்பும் இவ்வகையின் எல்லைகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைப் பற்றிய நம் கட்டுரைகளுக்கும் இத்தகைய வழக்கம் ஒன்றுண்டு. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' என்னும் பெயரை எடுத்துக்காட்டி, அவை மனநிறைவு கொள்கின்றன. மன்னனின் கடற்படை கடந்து சென்ற தீவின் பெயர் நமக்கு மனப்பாடம். அத்தீவில் குடியிருந்து நாள்தோறும் குறிப்பெழுதிய தமிழர் ஒருவரின் பெயரோ நம் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறவில்லை.

அவர் வேதப்பன் சாலமன். 1890களின் நடுப்பகுதியில் கார் நிக்கோபார்த் தீவின் வடபகுதியிலுள்ள மூஸ் என்னும் ஊருக்குச் சென்றவர். ஆங்கிலத் திருச்சபையின் உபதேசியார், பள்ளி ஆசிரியர், ஆங்கில அரசின் முகவர் ஆகிய மூன்று பணிகளும் அவர் ஒருவரிடமே இருந்தன. பிற்காலத்தில் நிக்கோபாரின் முதல் ஆயராகி, 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் சென்ற ஜான் ரிச்சர்ட்சன் அவருடைய மாணவரே. சாலமனின் குறிப்புகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள், பிரிட்டன் அயர்லாந்து மானிடவியல் கழக ஆய்விதழின் 32ஆம் தொகுதியில் 1902இல் ஆங்கிலத்தில் அச்சேறின. 1903இல் வெளிவந்த போடன் கிளாஸின் பயண நூலும் அவர் தந்த செய்திகளைப் பயன்படுத்தியது. மானிடவியலார் அவரை இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் அவர்களுக்கு அவர் தகவலாளி, எழுத்தாளர் அல்லர்.

இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குச் 'சொஸ்த லிகிதம்' என்னும் அடைமொழி உண்டு. தன் கைப்பட எழுதியது என்பது பொருள். வணிகக் கணக்கும் கனவும் சோதிடமும் துய்ப்ளேக்சின் சினமும் ஒரே நாளின் பதிவில் அடுத்தடுத்து வருவதற்கு அந்தச் சொந்தக் கையே காரணம். அச்சில் காணும் சாலமனிடம் இந்த ஒழுங்கின்மை இல்லை. பிணத்தை அடக்கம் செய்தல், எலும்புகளைத் தோண்டியெடுத்து நடத்தும் பெருவிழா, ஊர்ப் பொதுவிடமாகிய எல்பனத்தில் நடைபெறும் சடங்குகள் என வழக்காறுகளே முன்னிற்கின்றன. ஆய்விதழுக்கு வேண்டியிருந்தவை அவையே. வீட்டில் பேசிய மொழி, ஊதியம், தனிமை ஆகியவை அவ்விதழுக்கு வேண்டாதவை. தெரிவு என்பது நாட்குறிப்பின் தன்மையையே மாற்றிவிடுகிறது. நாள் என்னும் அலகு உடைந்து, வழக்காறு என்னும் அலகு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எனினும் தெரிவாளரின் கைக்கு முழுமையாக அகப்படாத இடங்களும் உண்டு. ஊருக்குத் தீங்கு செய்வதாக ஐயுறப்பட்ட ஒருவரை ஊரார் கூடி முடிவெடுத்துக் கொல்லும் வழக்கம், 'பேய்க்கொலை' எனப் பொருள்படும் தொடரால் அக்கால ஆவணங்களில் குறிக்கப்படுகிறது. அரசு முகவருக்கு அது போர்ட் பிளேருக்குத் தெரிவிக்க வேண்டிய குற்றம். உபதேசியாருக்கு அது அறியாமை. பள்ளி ஆசிரியருக்கோ, அவ்வூரார் தம் மாணவர்களின் தந்தையரும் மாமன்மாரும் ஆவர். இம்மூன்று நிலைகளும் ஒரே கையில் மோதுமிடத்தை அறிக்கை மொழி மறைக்க முயல்கிறது. அம்மறைப்பையும் சேர்த்து வாசிப்பதே இலக்கியத் திறனாய்வாளரின் வேலை.

சொல் நிலையிலும் சிந்திக்க இடமுண்டு. அவ்வாங்கிலப் பகுதிகளில் ஓயாமல் வரும் சொல் 'டெவில்'. விவிலியம் வழியே வந்த ஐரோப்பியச் சமயப் பணியாளருக்கு அது ஒரே பொருளுடையது. தமிழருக்கோ அச்சொல்லின் பின்னே பேய், ஆவி, முனி, அணங்கு என்னும் நீண்ட வரிசை நிற்கிறது. சாலமன் அஞ்சத்தக்க ஒன்றையும் மதிக்கத்தக்க ஒன்றையும் அந்த ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கினார் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின் இவ்வாங்கிலம் தமிழ் மனத்தின் மொழிபெயர்ப்பாகவே வாசிக்கத்தக்கது. (மருந்தும் மந்திரமும் செய்வோரைக் கார் நிக்கோபாரியர் 'தமிலுவானா' என்பர். ஒலியொப்புமை கண்டு இதனைத் 'தமிழ்' என்பதோடு முடிச்சிட ஆர்வலர் யாரேனும் முனையக்கூடும். நடுத்தீவுகளில் அதே சொல் 'மென்லுவானா' என வழங்குவதை அவர்கள் முதலில் நோக்குவது நலம்.)

தமிழில் எழுதப்படாத ஒன்று தமிழாய்வின் பொருளாகுமா என்னும் வினா எழும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையே 1904 முதல் 1928 வரை வெளிவந்த பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகள் வழியாகத்தான் நம் ஆய்வாளர் பலர் நெடுங்காலம் மேற்கோள் காட்டினர் என்பதை நினைவிற்கொண்டால், இவ்வினாவின் கடுமை குறையும். அந்தமான் எழுத்து என்றதும் நினைவுக்கு வரும் பாரீந்திர குமார் கோஷ் முதலியோரின் செல்லுலார் சிறை நூல்கள் நினைவுக் குறிப்புகளாகும். விடுதலை பெற்றபின் எழுதியவர்களுக்குக் கதையின் முடிவு தெரியும். சாலமனுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பது தெரியாது. நாட்குறிப்பின் மதிப்பு இதில் அடங்கியுள்ளது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. கடற்கரையை ஒட்டியே எல்பனங்கள் அமைந்திருந்தன. மக்கள் தீவின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். சாலமன் பார்த்த ஊரமைப்பு இன்று நிலத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. ஆதலின் 1902ஆம் ஆண்டின் தெரிவோடு நிறைவடையாமல், தலைமை ஆணையர் அலுவலகத்தின் பழைய கோப்புகளையும் திருச்சபைப் பதிவுகளையும் தமிழ்த்துறைகள் தேடுதல் வேண்டும். அச்சான பகுதிகளின் தமிழாக்கத்தையேனும் இப்போதே தொடங்கலாம். 'டெவில்' வருமிடந்தோறும் பேய் என்பதா, ஆவி என்பதா என்பதை மட்டும் நாமே தீர்மானித்துவிடாமல், கார் நிக்கோபார் மொழி பேசுவோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவுசெய்தல் வேண்டும்.