லிவர்-சிப்பும் காசநோய் மாத்திரையும்

2022 டிசம்பரில் எமுலேட் நிறுவனத்தார் 'கம்யூனிகேஷன்ஸ் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வை இந்த வாரம் திரும்பவும் படித்தேன். மனிதக் கல்லீரல் செல்களைச் சின்னச் சில்லுகளுக்குள் வளர்த்து, மருந்து கலந்த திரவத்தை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 870 சில்லுகள், 27 மருந்துகள். கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு பிடித்தது. கெடுக்காத எதையும் தப்பாகப் பிடிக்கவில்லை, அதாவது அந்தப் பக்கம் 100 சதவீதம்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். இந்த வேலை தேவையான வேலை. 1993-ல் அமெரிக்காவில் ஃபியாலுரிடின் என்ற ஹெபடைட்டிஸ்-பி மருந்தை 15 பேருக்குக் கொடுத்தார்கள். விலங்குச் சோதனையில் கல்லீரலுக்கு ஆபத்து என்று தெரியவில்லை. ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். எலியை நம்பி மனிதனுக்குக் கொடுப்பதில் உள்ள ஓட்டை இது. அதை அடைக்க மனிதச் செல்லைத் தேடிப் போவது நியாயம்தான்.

ஆனால் அந்த 100 சதவீதம் உறுத்துகிறது. மொத்தமே 27 மருந்து, அதிலும் ஒரு பகுதிதான் பாதுகாப்பானவை. ஒரு பேச்சுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்றாலும், உண்மையான பிழை கால்வாசி வரை இருக்கலாம் என்றுதான் கணக்கு சொல்லும். முழு நூறு என்று அச்சில் பார்த்ததும் நாம் அதை மறந்துபோகிறோம்.

சரி, இது சின்னக் குறை. பெரிய ஆய்வு வந்தால் தீரும். என் சண்டை கேள்வியோடு. 'இந்த மருந்து கல்லீரலைக் கெடுக்குமா, கெடுக்காதா?' என்று மருந்தை மட்டும் பார்த்துக் கேட்டால் போதுமா?

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம் (இப்போது தேசிய நிறுவனம்) 1986-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு சேர்ந்த குறுகிய கால சிகிச்சை; 3000 நோயாளிகள். நுரையீரல் காசநோய்க்காரர்களில் 2 முதல் 8 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. மூளைக்காய்ச்சலாக வந்த குழந்தைகளில் அதுவே 16 முதல் 39 சதவீதம். ஐசோநியாசிட் அளவைக் கூட்டியபோது அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தும் கூடியது. இன்னொன்று: ரிஃபாம்பிசினை வாரம் ஒருமுறை வாங்கியவர்களில், ஐசோநியாசிடை உடம்பு மெதுவாக மாற்றும் வகையினருக்கு 11 சதவீதம், வேகமாக மாற்றும் வகையினருக்கு 1 சதவீதம். தினமும் வாங்கியவர்களிடம் இந்த வித்தியாசம் காணோம். ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே மருந்துகள். இதில் எந்த எண்ணை 'மருந்தின் குணம்' என்று எழுதுவீர்கள்? விரல்விட்டு எண்ணக்கூடிய கொடையாளர்களின் செல்லை வைத்து, ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கும் சில்லுக்கு இது எப்படித் தெரியும்?

நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை 2010-ல் 313 பேரைப் பற்றி எழுதியது. எல்லாருமே மருந்தால் கல்லீரல் கெட்டவர்கள். அதில் சுமார் 58 சதவீதம் பேருக்குக் காரணம் காசநோய் மருந்துக் கூட்டு. மொத்தத்தில் சுமார் 17 சதவீதம் பேர் இறந்துபோனார்கள்.

ஐசோநியாசிட் காசநோய்க்கு வந்தது 1952-ல். அன்றைக்கே ஒரு நல்ல சில்லு இருந்து, 'இது கல்லீரலைக் கெடுக்கும்' என்று சரியாகச் சொல்லியிருந்தால்? கம்பெனி மருந்தைக் கைவிட்டிருக்கும். கணிப்பு சரி, ஆனால் எத்தனை லட்சம் பேர் செத்திருப்பார்கள்!

எங்கள் தேவகோட்டைத் தெருவில் ஒரு ஆச்சி காசநோய் மாத்திரை எடுத்தார். மூன்றாவது வாரம் குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, சிறுநீர் தேநீர் நிறம். கண் மஞ்சளானதும் வீட்டில் காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். மாத்திரையையும் நிறுத்தவில்லை. ஏன் ஆச்சி என்று பிறகு கேட்டேன். "ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொன்னாகளேப்பா" என்றார். விடக்கூடாது என்பதை மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கண் மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ரத்தம் பார்த்தார்கள், எஸ்ஜிபிடி எக்கச்சக்கம். எல்லாவற்றையும் நிறுத்தி, அளவு இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எப்படியோ சிகிச்சையை முடித்தார்.

இந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கலாம் என்று அவருக்காக இனிமேல் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சேத்துப்பட்டில் நாற்பது வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். இந்த ஆச்சியைக் கெடுக்குமா, எந்த வாரத்தில், எந்த அளவில் என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டாவது வாரத்தில் ஒரு எஸ்ஜிபிடி பரிசோதனையும், மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரியும் எமுலேட்டின் 870 சில்லுகளைவிட அதிகம் உதவியிருக்கும். சில்லுக்காரர்கள் அடுத்த ஆய்வில் மெதுவாக மாற்றும் வகைக் கொடையாளர் செல்லை எடுத்து, மூன்று மருந்தையும் சேர்த்து ஓடவிட்டால், முதல் ஆளாக உட்கார்ந்து படிப்பேன்.