கஞ்சாச் செடியில் பட்ட கை

எங்க பாட்டா தோவாளைப் பக்கம் கொஞ்சம் பிச்சி போட்டிருந்தார். மார்கழியில் கவாத்து வெட்டுவார். பூத்துக்கிடந்த செடி வெட்டி முடிச்சதும் மொட்டைக் குச்சியா நிற்கும். சின்னப் பிள்ளையில் எனக்கு அது பாவமாத் தெரியும். "கத்தி படாத பிச்சி வெறுங்காடுல்லா மக்கா" என்பார். அடுத்தவர் தோட்டத்து வரப்பில் நின்றே, இது யார் வெட்டினது என்று சொல்லிவிடுவார். வெட்டு எந்தக் கணுவுக்கு மேலே விழுந்திருக்கு என்று பார்த்தால் போதும், ஆளைத் தெரிஞ்சிடுமாம்.

வளர்க்கப்பட்ட எந்தச் செடியிலும் ஒரு கை தெரியும் என்பது அவரிடம் கற்றது. அந்தப் பாடத்தோடுதான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். சிநேகிதர் ஒருவர் அறைக்குள் கஞ்சா வளர்ப்பது பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றை அனுப்பி, "படிச்சுட்டு என்ன தோணுதுன்னு சொல்லும்" என்றார். வளர்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. செடிகளைப் பற்றி மனிதர்கள் எழுதியதை வாசிப்பதில்தான் ஆர்வம். எனவே இது வளர்ப்பு முறை அல்ல, வாசிப்புக் குறிப்பு மட்டுமே.

கையேட்டில் பாதி, செடியை உருவாக்கும் வித்தைதான். நுனியைக் கிள்ளுவது, கிளையை நூல் கட்டி வளைப்பது, வலை விரித்துப் படர விடுவது. நமக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும், நுனி போனால் பக்கக்கிளை எழும்பும். பிச்சிக்கும் அதே கணக்குத்தான். விளக்கின் அடியில் வளர்வதால் வெளிச்சம் தூரம் போகப்போகக் குறையும், அதனால் செடி உயரமா இல்லாமல் பாய் விரித்த மாதிரி இருக்கணும் என்கிறது. இதெல்லாம் சரி, தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

என் குறை வேறு இடத்தில். இந்தச் செடி ஏன் அறைக்குள் வந்தது என்று கையேடு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆளுயரம் தாண்டி வளரும் வெயில் செடி அது. அதைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து, விளக்குக்கு மின்சாரம் கட்டி, குனிய வைத்தது தோட்டக்கலை மட்டும்தானா?

கலிபோர்னியாவில் 1983-இல் ஹெலிகாப்டர் வைத்துக் கஞ்சாத் தோட்டங்களைத் தேடும் பெரிய இயக்கத்தை அரசு தொடங்கியது. அதே மாநிலத்தில் சிராவோலோ என்பவர் 6 அடி வெளிவேலியும் 10 அடி உள்வேலியும் கட்டிக் கொல்லையில் செடி வைத்திருந்தார். போலீஸ் 1,000 அடி உயரத்தில் விமானத்தில் போய்ப் பார்த்தது. அதற்கு வாரண்ட் தேவையில்லை என்று 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலி உதவாது, கூரைதான் வேணும் என்று ஆனது. கூரைக்குள் போனவர்களை விளக்கின் சூடு காட்டிக்கொடுத்தது. ஓரிகனில் கைலோ என்பவரின் வீட்டை வெப்பப்படக் கருவியால் நோட்டமிட்ட வழக்கில், அதற்கு வாரண்ட் வேண்டும் என்று 2001-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, கையேடு விஞ்ஞானம் என்று விளக்கும் அந்த வளைவில் பாதி, போலீஸுக்குப் பயந்து குனிந்த வளைவு. அதற்குக் கொடுத்த விலையையும் ஒருவர் கணக்குப் போட்டார். அமெரிக்க மின்சாரத்தில் சுமார் 1 சதவீதம் அறைக்குள் கஞ்சா வளர்க்கவே போகிறது என்று ஈவன் மில்ஸ் 2012-இல் எழுதினார்.

சரி, கூரை இல்லாத காலத்தில் இந்தச் செடியை எப்படி எழுதினார்கள் என்று பின்னோக்கிப் போனேன். நமக்குப் பக்கத்து ஊர் நூல் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்தது, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகள். 1690-இல் வந்த பத்தாம் தொகுதியில் கஞ்சாவு என்ற மலையாளப் பெயரை ஒட்டி இரண்டு படங்கள் இருக்கின்றன. அழகான படங்கள். ஆனால் பாட்டா பார்த்தால் "இத யாரு வளத்தா?" என்றுதான் கேட்டிருப்பார். கத்தி பட்ட அடையாளமே இல்லாத, யாருக்கும் சொந்தமில்லாத செடி அது. மருந்தறிவு தந்த இட்டி அச்சுதன் வைத்தியருக்காவது முதல் தொகுதியில் தன் பெயரில் ஒரு சான்றுரை உண்டு. செடி வளர்த்தவருக்கு அதுவும் இல்லை.

அடுத்தது 1894-இன் இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைய அறிக்கை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியால் 1893-இல் அமைக்கப்பட்ட ஆணையம் அது. 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, முழுத்தடை வேண்டாம் என்று முடித்தது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த முடிவைத்தான். எனக்குப் பிடித்தது சாகுபடி பற்றிய பகுதி. வங்காளத்து நவுகாவில் நாற்று நடுவது, கீழ்க்கிளைகளைக் கழிப்பது, ஆண்செடியைப் பிடுங்குவது எல்லாம் அதில் வருகிறது. ஆண்செடி தப்பி நின்றால் மகரந்தம் பரவி, பூவெல்லாம் விதையாகி, சரக்கு கெட்டுவிடும். ஆண்செடியைக் கண்டுபிடிக்கவென்றே கூலிக்கு வருபவருக்கு போத்தார் என்று பெயர். காசு நல்லதா கள்ளதா என்று பார்ப்பவருக்கும் வங்காளத்தில் அதே பெயர்தான். பூ விரியும் முன்பே கணுவைப் பார்த்துச் சொல்லும் கண் அது.

இவ்வளவு எழுதிய அறிக்கைக்கு அந்தக் கண் மேல் மரியாதை உண்டா? அதற்கு அக்கறை வரி மேல். உரிமம் வாங்கிப் பயிரிடணும், விளைந்ததை அரசு கிட்டங்கியில் வைக்கணும். தட்டைக் கஞ்சா, உருட்டுக் கஞ்சா, தூள் என்று மூன்று வகை. தண்டு குறையக்குறைய வரி கூடும். செடியின் உறுப்புகளை அரசு கற்றுக்கொண்டது தராசு வழியாக. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டமும் வட ஆற்காட்டு ஜவ்வாது மலைப் பக்கமும் வருகின்றன. அங்கேயும் எத்தனை விளைந்தது, யார் வாங்கினார் என்பதே கணக்கு. வளர்த்தவரின் கை தெரிவதில்லை.

கடைசியாக நம் சட்டம். 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்றால் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் சேராது. செடி வளர்த்தால் பிரிவு 20-இன்படி 10 ஆண்டு வரை கடுங்காவல். ஆனால் 'வளர்த்தல்' என்றால் என்ன? அலக் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலத்தில் செடி நிற்பது மட்டும் போதாது, குற்றம் சாட்டப்பட்டவர்தான் அதைப் பயிரிட்டார் என்று நிரூபிக்கணும் என்று சொல்லி அவரை விடுவித்தது. விதை விழுந்து தானா முளைக்கும் செடி அல்லவா?

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹோர்த்தூஸ் மறைத்த கையை, ஆணையம் பெயரில்லாமல் விட்ட கையை, சட்டம்தான் முதன்முதலாகத் தேடுகிறது, ஆனால் குற்றவாளியாக. கிள்ளிய நுனியும் கட்டிய நூலும் போத்தாருக்குக் கூலி வாங்கித் தந்த வேலை. இன்று அதே வேலை ஒருவரை உள்ளே தள்ளும் சாட்சி.

நம்ம பத்திரிகைகள் அதைக்கூடக் கவனிப்பதில்லை. 'வீட்டில் கஞ்சா செடி வளர்த்தவர் கைது' என்று போட்டு, பெரும்பாலும் எத்தனை செடி, எத்தனை அடி என்பதோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் ஊற்றி வளர்த்ததா, வேலியோரம் முளைத்ததா? ஒருவர் வீட்டுக்குப் போவதும் ஜெயிலுக்குப் போவதும் அந்தக் கேள்வியில் இருக்கு, கேட்டேளா. கஞ்சா நல்லது என்று நான் வாதாட வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அது படும் கேடு எனக்கும் தெரியும். செய்தி எழுதுகிறவர் செடியை ஒருதடவை உற்றுப் பார்த்துவிட்டு எழுதணும் என்பது மட்டுமே என் பேச்சு.

சிநேகிதருக்குப் பதில் எழுதிவிட்டேன்: "கையேடு செடியை நல்லாப் படிச்சிருக்கு. கூரையைப் படிக்கல."