கட்டப்பட்ட தேர்மணி: அகநானூறு 4ஆம் பாட்டும் ஒலிசார் வாசிப்பின் எல்லைகளும்

திறவுச்சொற்கள்: அகநானூறு, முல்லைத்திணை, உறந்தை, ஒலி மாசு, விலங்கு நடத்தை, சூழலியல் திறனாய்வு

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் கட்டுரைகளில் அடிக்கடி இடம்பெறும் சான்று ஒன்று உண்டு. குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று 4ஆம் பாட்டில், வினைமுடித்து மீளும் தலைவன், பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமோ என்று அஞ்சித் தன் தேர்மணியின் நா ஒலியாதபடி கட்டிவிடுகிறான். இச்செய்தியை எடுத்துக்காட்டி, 'ஒலி மாசு விலங்குகளைப் பாதிக்கும் என்பதைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்' என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. இம்முடிபு பாட்டையும் சரியாகப் படிக்கவில்லை. விலங்கு நடத்தையியலையும் சரியாகப் படிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆயினும் அப்பாட்டு இவ்வகை ஆய்வுக்குப் பயன்படாது என்று கூற வரவில்லை. அது தரும் சான்று வேறொரு வகையானது.

கூற்றும் கேட்போரும்

முதலில் கூற்றைக் கவனிக்க வேண்டும். மணியைக் கட்டிய செய்தியைச் சொல்பவள் தோழி. அவள் தேரில் இல்லை. தலைவியின் அருகில் இருக்கிறாள். கார்ப்பருவம் வந்துவிட்டது, குறித்த காலத்தில் அவர் வரவில்லையே என்று கலங்குபவளைப் பருவங்காட்டி ஆற்றுவிப்பதே அவள் பணி. எனவே மணி கட்டப்பட்டது என்பது கண்ட நிகழ்ச்சியின் அறிக்கை அன்று. தோழி கட்டும் ஒரு வாதம்.

அவ்வாதத்தின் வலிமையை அறிய, அதே முல்லைத்திணையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 275ஐ அருகில் வைத்துப் பார்க்கலாம். அங்கே மாலையில் ஒரு மணியோசை கேட்கிறது. ஊருக்குத் திரும்பும் ஆனிரையின் கழுத்து மணியா, தலைவனின் தேர்மணியா என்று ஐயுற்று, மேட்டில் ஏறிப் பார்த்துவருவோம் வா என்று தலைவியை அழைக்கிறாள் தோழி. முல்லையில் காத்திருப்பது கண்ணின் வேலை மட்டுமன்று, செவியின் வேலையும்கூட. தேர்மணி வருகையின் அறிகுறி. அது கேட்கவில்லையென்றால் அவன் வரவில்லை என்று பொருள்படும்.

மருதனாரின் தோழி இந்த அறிகுறியைத்தான் தலைகீழாக்குகிறாள். மணி கேட்கவில்லையா? கேட்காது, அவன் கட்டியிருப்பான். அவன் வரும் வழியெல்லாம் சோலை பூத்திருக்கிறது, அங்கே வண்டுகள் துணையோடு இருக்கின்றன. ஓசையின்மை வாராமைக்குச் சான்றாகாமல் போகிறது. அது வருபவனின் இயல்புக்கே சான்றாகிறது: துணையோடிருக்கும் வண்டின் கலக்கத்தையே பொறாதவன், துணையின்றி இருக்கும் உன் கலக்கத்தைப் பொறுப்பானா? 'உயிரிரக்கம்' என்ற ஒற்றைச் சொல்லால் இப்பகுதியை விளக்கும்போது இந்த நுட்பம் முழுவதும் கைநழுவுகிறது.

பாட்டின் இறுதியும் இங்கே கருதத்தக்கது. தலைவியின் அழகுக்கு உவமையாக வருவது, ஒலிக்கும் இசையையுடைய விழாக்கள் மிகுந்த உறந்தைக்குக் கிழக்கேயுள்ள நெடுங்குன்றின் காந்தள். உறந்தை இன்றைய திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியான உறையூர். மலைக்கோட்டைக் குன்றும் உறையூருக்குக் கிழக்கில்தான் நிற்கிறது. பாட்டின் குன்றம் அதுவே என்று அறுதியிடுவது இங்கே நோக்கமன்று. அடங்கிய மணியைச் சொன்ன பாட்டு, ஆரவாரம் மிக்க ஊரில் சென்று முடிகிறது என்பதே முதன்மையானது. விழாவின் ஒலியைப் பாட்டு பழிக்கவில்லை. அது ஊரின் வளத்துக்கு அடையாளம். உறையூர் முதுகூத்தனாரின் அகநானூறு 137 இதன் மறுபக்கம்: ஆற்றங்கரைச் சோலையில் பங்குனி விழா முடிந்த மறுநாள், தீயற்ற அடுப்புகளோடு கிடக்கும் அரங்கத்தின் வெறுமையே அங்குத் தலைவியின் பொலிவிழந்த நெற்றிக்கு உவமை. அவ்வரங்கத்தைத் திருவரங்கமாகக் கொள்வாரும் உளர். ஆகவே ஒலி தீது, ஓசையின்மை நன்று என்னும் எளிய எதிர்நிலை சங்கப் பாட்டில் இல்லை. தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டத் தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகளே இருந்தன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அவற்றைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. விலங்கைக் கலங்கச் செய்யும் ஒலியை வேண்டுமென்றே உண்டாக்கிய மக்கள்தாம், வேண்டாத இடத்தில் அதைக் கட்டவும் அறிந்திருந்தனர்.

வண்டும் யானையும்

இனி அறிவியல் பக்கம். தாதுண்ணும் 'பறவை' எவ்வகை வண்டு என்று பாட்டு சொல்லவில்லை. அது தேனீ என்றால் 'துணை' பொருந்தாது. மலரில் தாதெடுக்கும் வேலைக்காரத் தேனீக்கு இணை என ஒன்று இல்லை. கூட்டுச் சமூக உயிரி பற்றிய அறிவு இங்கே இருக்கிறது என்று எழுதுவோர் இதற்கு விடை கூறியாக வேண்டும். கேட்கும் திறனும் அவ்வாறே. தேனீ காற்றுவழி ஒலியை உணர்கொம்பிலுள்ள உறுப்பால், மிக அண்மையில், ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே உணர்கிறது. கணீரென்று ஒலிக்கும் தேர்மணியின் அதிர்வெண் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டது. தேனீயைக் கலக்குவது மணியோசையைவிடக் குளம்படியின் அதிர்வாக இருக்க வாய்ப்பு மிகுதி. மருதனாரைத் திருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் மேல் ஏற்றப்படும் சுமையை இறக்கவே சொல்கிறேன்.

தமிழ்ச் சூழலிலிருந்து ஒலிசார் விலங்காய்வுக்கு உண்மையிலேயே கிடைத்த பங்களிப்பு, இக்கட்டுரைகளில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அ. மாதவையாவின் மகனும் தமிழில் இயற்கைக் கட்டுரைகள் எழுதியவருமான மா. கிருஷ்ணன் (1912–1996), யானைகள் மிகத் தாழ்ந்த ஒலிகளால் தொடர்புகொள்வதை முதலில் குறித்தவராக மதிக்கப்படுகிறார். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சியகத்தில் ஆசிய யானைகளின் அருகே காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்த கேட்டி பெய்ன், பதிவுகளைப் பகுத்தாய்ந்து, அவற்றின் அழைப்புகள் பெரும்பாலும் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை அமைவதை 1986இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். மனிதச் செவியின் கீழெல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். குடும்பமாக வாழும் ஒரு விலங்கின் பேச்சில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாதது. கனரக ஊர்திகளும் மின்னாக்கிகளும் எழுப்பும் இரைச்சலின் பெரும்பகுதியும் இத்தாழ்நிலையை ஒட்டியே விழுகிறது.

நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிடுகின்றன. இந்த அளவீடு மனிதச் செவிக்கேற்ப எடையிடப்பட்டது; 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 டெசிபெல்லைக் கழித்தே காட்டும். திருவரங்கம் கோயில் யானை ஆண்டாளைச் சூழும் ஒலியை இக்கருவியால் அளந்தால், மனிதர்க்கு என்ன கேட்கிறது என்பதே தெரியவரும். எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையத்தின் சூழலையும், கோயில் வீதியின் சூழலையும் எடையிடாத அளவீட்டால் ஒப்பிடுவது திருச்சியிலேயே செய்யத்தக்க ஆய்வு.

எனின், அகம் 4 தரும் சான்று யாது? தோழியின் ஆறுதல் பலிக்க வேண்டுமானால், மனிதன் எழுப்பும் ஒலி பிற உயிரைக் கலக்கும் என்பதும், அதற்காக ஒருவன் தன் ஓசையை அடக்கிக்கொள்வான் என்பதும் தலைவிக்கு நம்பத்தக்கனவாக இருந்திருக்க வேண்டும். தோழி அதை நிறுவ முயலவில்லை. நிறுவத் தேவையில்லாத பொது வழக்காக எடுத்துக்கொள்கிறாள். எனவே இங்கே வெளிப்படுவது ஒழுகலாறு. அறிவியல் கண்டுபிடிப்பை இதில் தேட வேண்டியதில்லை. ஒழுகலாற்றுக்கு ஒப்புமை தேடுவோர் ஆய்வகத்துக்குச் செல்வதைவிட மணப்பாறைப் பக்கம் செல்லலாம். திருச்சி மாவட்டத்தின் தோப்புப்பட்டி, சாம்பட்டி ஊர்களில், ஆலமரத்தில் கூட்டமாக அடையும் வவ்வால்களுக்காகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் இவ்வழக்கம் உண்டு. வவ்வாலின் செவி எந்த அதிர்வெண்ணைக் கேட்கும் என்பதைக் கணித்த பிறகு அவ்வூரார் வெடியைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. இவ்வூர்களில் வாய்மொழியாக வழங்கும் காரணங்களைத் திரட்டி, முல்லைப் பாட்டுகளின் ஒலிக்குறிப்புகளோடு வைத்துப் படிக்கும் பணி இன்னும் முறையாகத் தொடங்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது.