பழுது பார்த்த பிறகு ஒரு தாள்

“அண்ணை, இந்தியாவில காசு குடுத்தா எந்தச் சேர்ட்டிபிக்கேற்றும் எடுக்கலாம் எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?” கொழும்பு வெள்ளவத்தையில் என் மருமகனின் சித்தப்பா இப்படிக் கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. கேள்விப்பட்டதைச் சரிபார்த்துக்கொள்ளும் தொனிதான் இருந்தது. அதுதான் என்னை அதிகம் சுட்டது. திருச்சியில் அப்பா காலத்திலிருந்து எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. அங்கேயே சொல்ல நினைத்த பதிலை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் அவர் வீட்டில் நடந்திருந்த ஒரு பழுது வேலை. குளியலறை ஹீட்டரைப் போட்டாலே ‘ட்ரிப் சுவிட்ச்’ விழுந்துகொண்டிருந்தது. நாம் ஆர்சிசிபி என்றும், பழக்க தோஷத்தில் இன்னும் ஈஎல்சிபி என்றும் சொல்லும் கருவிக்கு அங்கே சின்னப் பிள்ளைகள்வரை சொல்லும் பெயர் அது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது அந்த வீட்டு அம்மாவின் வேலை. வேலைக்கு வந்தவர் ஈரம் ஏறிய வயரை மாற்றி, எர்த்தைச் சரிசெய்து, புறப்படும்போது ஒரு தாளை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். எந்த சர்க்யூட், என்ன பழுது, எது மாற்றப்பட்டது என்று மேலே மூன்று வரிகள். கீழே கட்டம் கட்டமாக அளவுகள்: இன்சுலேஷன் 200 மெகா ஓமுக்கு மேல், எர்த் 8 ஓம், 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழ எடுத்த நேரம் 24 மில்லி செகண்ட். கடைசியில் கையெழுத்தும் தேதியும். பிரிட்டனின் பி.எஸ். 7671 விதிநூலில் சிறு வேலைகளுக்கென்றே ஒரு மாதிரிப் படிவம் உண்டு. இது அதன் சாயலில் இருந்தது. இலங்கையில் வயரிங் தொழில் இன்றும் பெரும்பாலும் அந்த நூலைத்தான் பின்பற்றுகிறது. சதுரக் கால் வைத்த, உள்ளேயே ஃப்யூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக்கைத் தேசியத் தரமாக ஏற்றதும் அதே வழியில்தான்.

நல்ல தாள் அது, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, “இவருடைய லைசென்ஸ் எண் எங்கே?” என்பதுதான். கையெழுத்து இருந்தது, எண் இல்லை. இலங்கையில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளர்களுக்கு உரிமம் வழங்கும் முயற்சியை முன்னெடுத்திருக்கிறது. நல்ல முயற்சி. நம்மிடம் அந்த வேலை தலைமுறைகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நம் சட்டத்தை நம்மவர்களே அறியாமல் குறைத்துப் பேசுவது எனக்கு நெடுநாள் வருத்தம். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதி தெளிவாகவே சொன்னது: புது வேலை மட்டுமல்ல, கூடுதல், மாற்றம், பழுது எதுவானாலும் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் கூடவே நின்று மேற்பார்க்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்து, 2010இல் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு விதிகளை வகுத்தபோதும் அந்தக் கட்டளை அப்படியே நின்றது. தமிழ்நாட்டில் சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிம வாரியம் சூப்பர்வைசருக்கு ‘சி’, வயர்மேனுக்கு ‘பி’, ஹெல்பருக்கு ‘எச்’ என்று சான்று தருகிறது. ‘பி லைசென்ஸ் இருக்கா?’ என்ற ஒரே கேள்வியில் எங்கள் தொழிலில் ஆளை எடைபோட்டுவிடுவோம். வேலையில் கோளாறு என்றால் யாரைப் பிடிப்பது என்பதற்கு அந்த எண் போதும்.

அளவு எடுப்பதும் நமக்குப் புதிதல்ல. உறையூரில் ஒரு பழைய ஓட்டு வீடு. மழைக்காலத்தில் அடுப்படிச் சுவரைத் தொட்டாலே ஷாக். எங்கள் மூத்த வயர்மேன் இன்சுலேஷன் அளக்கும் மெகரை எடுத்தார், கைப்பிடி சுற்றும் பழைய மெகர். மெயினை இறக்கி, லோடுகளைக் கழற்றி, 500 வோல்ட்டில் முழுதாக ஒரு நிமிடம் சுற்றினார். முள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. விதிப்படி ஒரு மெகா ஓமாவது இருக்க வேண்டும். சுவருக்குள் பைப்பில் நீர் இறங்கி வயரின் தோல் ஊறிப்போயிருந்தது. பழைய லைனை விட்டுவிட்டு மேலேயே புதுப் பைப் ஓட்டி வயர் இழுத்தோம். மறுபடி சுற்றியபோது முள் மறுகோடிக்குப் போய் நின்றது. கார்பன் வைத்த புத்தகத்தில் செய்த வேலையைத் தமிழில் எழுதி, லைசென்ஸ் எண் போட்டு, மேல் தாளைக் கிழித்து வீட்டுக்கார ஆச்சியிடம் கொடுத்தோம். அதை வாய்விட்டு வாசித்தபின்தான் அவர் பணம் எடுத்துக் கொடுத்தார். வெள்ளவத்தைத் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில், தமிழர் வீட்டில், வேலை செய்தவரும் தமிழராக இருந்தும் அப்படி. தன் வீட்டுச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பதைத் தன் மொழியில் தெரிந்துகொள்வது ஒரு குடித்தனக்காரியின் உரிமை என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் பக்கத்தில் இல்லாததையும் சொல்லத்தான் வேண்டும். ஈபியில் கம்ப்ளீஷன் ரிப்போர்ட் கேட்பது புது இணைப்புக்கோ லோடு கூட்டுவதற்கோதான். அதோடு அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விடுகிறது. பத்து வருஷம் கழித்து வயர் எரிந்து, பாதி வீட்டை மாற்றி இழுத்தால் எந்த அலுவலகமும் தாள் கேட்பதில்லை. சட்டம் பழுது வேலைக்கும் லைசென்ஸ் கேட்கிறது, ஆனால் தெருமுனையில் கிடைக்கும் ஆளைக் கூப்பிட்டு முடித்துவிடுகிறோம். எங்கள் கடை போல வழக்கமாகத் தாள் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு. சித்தப்பா காதில் விழுந்த அவப்பெயருக்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம்.

அங்கேயும் எல்லா வீட்டிலும் வெள்ளவத்தைத் தாள் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மருமகன் யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளை. கரண்ட் திரும்பியபோது கையில் காசுக்கும் கிடைத்த ஆளுக்கும் தக்கபடி வயர் இழுத்ததாகச் சொல்வார். அந்த வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பழுது பார்த்ததற்குச் சாட்சியாகக் கைபேசியில் ஒரு படம் வருகிறது. சுவருக்குள் இருக்கும் வயரை எந்தப் படமும் காட்டாது. அளவு எழுதிய ஒரு தாள் காட்டும்.

அந்தத் தாளை நாடு பாராமல் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. செய்தவரின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் அதில் இருக்கட்டும், அது நம் பலம். மெகர் அளவு, எர்த் அளவு, ட்ரிப் நேரம் மூன்றும் இருக்கட்டும், அது அவர்கள் பலம். எழுதுவது தமிழில் இருக்கட்டும். எங்கள் கடையில் அடுத்த பில் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தபோது அந்த மூன்று கட்டங்களையும் சேர்த்துவிட்டேன். தாள் வந்த பிறகு கூலியைக் கொடுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.