தவணை இல்லாத காவல்

ஈழப்போர்க் காலத்தில், போராளிகள் என்று சந்தேகிக்கப்பட்ட ஈழத் தமிழர்களைத் தமிழக அரசு செங்கல்பட்டு சிறப்பு முகாமில் அடைத்துவைத்தது. பெயர்தான் முகாம்; இருந்ததோ மதிலும் ஆயுதக் காவலும். வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும் என உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தந்த 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் 3(2)(இ) பிரிவே இதற்கு ஆதாரமாக இருந்தது.

அரசின் அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈழப் போராளி இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மாமல்லபுரத்தை அடுத்த கல்பாக்கத்தில், கடலோரத்திலேயே அணுமின் நிலையம் இருக்கிறது. இந்நிலையில் கண்காணிப்பு தேவைப்பட்டது. முகாமில் இருந்தவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ளலாம், உறவினரைப் பார்க்கலாம் என்பதையும் அரசுத் தரப்பின் கணக்கில் சேர்க்கலாம்.

ஆனால், இந்த ஏற்பாட்டில் குற்றச்சாட்டும் இல்லை, தவணையும் இல்லை. கடுமையான சட்டம் எனப் பெயரெடுத்த 1980-ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட ஆலோசனைக் குழுவின் பரிசீலனை உண்டு; பன்னிரண்டு மாத உச்சவரம்பும் உண்டு. போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் தவிர வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்ததும் அவரை விடுவித்தாக வேண்டும் என்கிறது ஜெனீவா ஒப்பந்தம். செங்கல்பட்டில் இருந்தவருக்கு இவற்றில் எதுவுமே கிடைக்கவில்லை. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும், சிறை வாசலில் முகாம் உத்தரவு காத்திருக்கும். 2009 மேயில் போரே முடிந்துவிட்டது. அப்போதும் கதவு திறக்கவில்லை. விடுதலை கேட்டுப் போராடியவர்கள்மீது 2010 பிப்ரவரியில் முகாமுக்குள் தடியடி நடந்தது.

இதைவிட ஆழமான கேடு விசாரணை முறைக்கு நேர்ந்தது. நிரூபிக்காமலே ஒருவரை அடைத்துவைக்கலாம் என்றால், உண்மையைத் தோண்டியெடுக்கும் திறமை போலீசுக்கு எதற்கு? 1995-ல் காலாவதியான தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் இதே குறுக்குவழிதான்: எஸ்.பி. நிலை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகிவிட்டது. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. கொலைக் குண்டுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். விடுபட்டது ஒரே வாக்கியம்; பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதத்தில். அடி உதை மட்டுமே சித்திரவதை என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு முகாம் மூடப்பட்ட பிறகும் அந்த வழக்கம் திருச்சியில் தொடர்ந்தது. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த இலங்கைத் தமிழர் சாந்தன், சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார். ஊர் திரும்ப அனுமதி கிடைத்தும், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் 1997-ல் கையெழுத்திட்ட இந்தியா, அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. அதை உறுதிசெய்வதும், சிறப்பு முகாம் உத்தரவு ஒவ்வொன்றுக்கும் கால வரம்பும் நீதிபதியின் மறுபரிசீலனையும் விதிப்பதும் இனியும் தள்ளிப்போடக் கூடாதவை. அவை இல்லாதவரை, சிறப்பு முகாம் என்பது தீர்ப்பில்லாத தண்டனைதான்.