ஒரு பெயர், பல முகங்கள்

புதுக்கோட்டைச் சீமையின் பங்கு ஒன்றில், திருப்பலி முடிந்து மக்கள் கலைகின்ற வேளையில், "ஆரோக்கியசாமி!" என்று ஒருவர் உரக்க அழைத்தால் நான்கு தலைகளாவது திரும்பும். "மேலத்தெரு ஆரோக்கியசாமியா, கொத்தனார் ஆரோக்கியசாமியா, சவரியம்மாள் மகனா?" என்ற வினா அடுத்தாற்போல் எழும். ஊரும் தொழிலும் பெற்றோரும் கூடிய பின்னரே அழைக்கப்பட்டவர் இன்னார் என்பது தெளிவாகும். இந்த எளிய வழக்கத்துக்குள் ஓர் இலக்கிய நெறியும் ஓர் அறநெறியும் அடங்கிக் கிடக்கின்றன என்பதே நாம் இங்குக் கூற வருவது.

நம் மாவட்டத்து ஒலியமங்கலத்தைச் சங்ககால ஒல்லையூர் என்று அறிஞர் அடையாளம் காண்பர். அவ்வூர்க் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 242-ஆம் பாட்டாக நிற்கின்றது. சூடுவாரும் கொய்வாருமின்றி மலர்ந்து நிற்கும் முல்லையைப் பார்த்து, அவன் மறைந்த பின்னும் நீ பூத்தனையோ என்று புலவர் கேட்கின்றார். ஆறே அடிகள் கொண்ட அப்பாட்டில் ஒரு நாட்டின் துயரமே தேங்கி நிற்கின்றது.

அதே நூலின் 395-ஆம் பாட்டிலும் ஒரு பெருஞ்சாத்தன் வருகின்றான். மதுரை நக்கீரர் பாடிய அப்பாட்டில் துயரமில்லை, விருந்துண்டு. வந்த பாணனைத் தன் மனைவிக்குக் காட்டி, என்னைப் பேணுவதுபோல் இவனையும் பேணுவாயாக என்று சொல்லும் இல்லறத்தான் இவன். இருவரும் சாத்தன், இருவரும் ஒரு கிழானின் மகன். பெயரை மட்டும் கொண்டு பார்த்தால், இந்தக் கொடையாளியே பின்னர் இறந்தான், அவனுக்காகவே முல்லை பழிக்கப்பட்டது என்று உருக்கமானதொரு கதையைக் கட்டிவிடலாம். ஆனால் பின்னவன் உறந்தைக்குக் கிழக்கேயுள்ள சோழநாட்டுப் பிடவூரான்; முன்னவன் ஒல்லையூரான்.

சாத்தன் என்பது அந்நாளில் மிகப் பரவலாக வழங்கிய பெயர். ஒல்லையூரை வென்று தந்த பூதப்பாண்டியன் தன் வஞ்சினப் பாட்டில் குறிக்கும் நண்பருள் ஒருவன் அந்துவஞ்சாத்தன். ஆவூர் மூலங்கிழார் பாடியவன் கீரஞ்சாத்தன். அந்த ஆவூர் நம் மாவட்டத்து ஆவூர்தான் என்றும் உடனே முடிவு கட்டிவிடலாகாது. ஆவூர் என்னும் பெயருடைய ஊர்களும் பல. புலவருள்ளோ சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் எனப் பட்டியல் நீள்கின்றது.

இத்தனை சாத்தன்களையும் நாம் பிரித்தறிய முடிவது எதனால்? பாட்டின் அடியில் இரண்டொரு சொற்களை எழுதிவைத்த, தம் பெயரைச் சொல்லாத தொகுப்பாளரின் நேர்மையினால். இன்ன ஊரான், இன்னான் மகன், இன்ன தொழிலினன் என்று அவர்கள் குறித்தார்கள். மதுரையில் துணி விற்ற இளவேட்டனாரை 'அறுவை வாணிகன்' என்றே எழுதினார்கள். அதில் இழிவு எதனையும் அவர்கள் காணவில்லை. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது அக்குறிப்புகளையும் பாட்டோடு பேணித் தந்தார். திறனாய்வாளர் பலர் இக்குறிப்புகளை இலக்கியத்துக்குப் புறம்பானவை எனக் கருதுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு மனிதனின் துயரத்தை மற்றொருவன் கணக்கில் எழுதாதிருப்பதே திறனாய்வின் முதற்கடமை.

நற்செய்தியாளரும் இதே நெறியில்தான் எழுதினர். புதிய ஏற்பாட்டில் எத்தனை சீமோன்கள்! சீமோன் பேதுரு, தீவிரவாதியாய் இருந்த சீமோன், பெத்தானியாவில் தொழுநோயாளர் சீமோன், விருந்தளித்த பரிசேயர் சீமோன், யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன், சிலுவை சுமந்த சிரேன் ஊர் சீமோன். ஊரும் தொழிலும் நோயும்கூட அடையாளமாயின. சிரேன் ஊராரை அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்று மாற்கு அறிமுகம் செய்வது, நம் 'சவரியம்மாள் மகன்' என்பதற்கு ஒப்பானதே.

எழுதியோர் காட்டிய இக்கவனத்தைப் படித்தோர் காத்தார்களா? இங்கேதான் நாம் வருந்த வேண்டியிருக்கின்றது.

மரியா என்பதும் அந்நாளில் யூதப் பெண்களிடையே மிகுந்து வழங்கிய பெயர். லூக்கா 7-ஆம் அதிகாரத்தில், பரிசேயர் சீமோன் வீட்டில் கண்ணீரால் இயேசுவின் காலடிகளை நனைக்கும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், ஏழு பேய்கள் நீங்கப்பெற்ற மகதலா மரியா வருகின்றார். யோவான் 12-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் காலடிகளில் நறுமணத் தைலம் பூசுகின்றவர் மார்த்தாவின் சகோதரி, பெத்தானியா மரியா. மூவரும் மூன்று ஊர், மூன்று வாழ்வு. ஆயின் தைலமும் கூந்தலும் இரு கதைகளில் ஒத்திருந்தன. மாற்கு சொல்லும் பெத்தானியா விருந்து நடந்ததும் சீமோன் என்பவர் வீட்டில். லூக்கா சொல்லும் விருந்து நடந்ததும் சீமோன் என்பவர் வீட்டில். பெயர் ஒன்றானதும் வீடும் ஒன்று போலாயிற்று. வீடு ஒன்றானதும் பெண்களும் ஒருவராயினர். 591-ஆம் ஆண்டளவில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை அக்கலப்பை மேற்குத் திருச்சபையில் நிலைநிறுத்திற்று. கீழைத் திருச்சபையோ மூவரையும் தனித்தனியே போற்றி வந்தது.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்று சிலர் வினவலாம். மனந்திரும்பிய மகதலேனாளின் உருவம் எத்தனையோ உள்ளங்களைத் தேற்றியிருக்கின்றதே என்பர். உண்மைதான், அந்த ஆறுதலை நாம் எள்ளவில்லை. ஆயினும் கணக்குப் பார்த்தால் இழந்தவர்கள் மூவர். பாவியாயிருந்த பெண்ணின் பெயரை லூக்கா சொல்லாமல் விட்டார். அதனை இரக்கத்தின் மௌனமாகவே நாம் காண்கின்றோம். பின்வந்தோர் ஒரு பெயரைத் தேடி ஒட்டி அந்த மறைப்பைக் களைந்தனர். பெத்தானியா மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்டவர். அவருடைய அமைதியான தேர்வு வேறொருவரின் கண்ணீருக்குள் கரைந்தது. மகதலா மரியாவோ சிலுவையடியில் நின்றவர். உயிர்த்த ஆண்டவரைக் கண்டு, அச்செய்தியைச் சீடர்க்கு முதன்முதல் உரைத்தவர். நற்செய்தி எங்கும் சுமத்தாத ஒரு பழியை அவர் ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகள் சுமந்தார். நல்லதொரு கருத்துக்காக ஓர் அப்பாவியைக் குற்றவாளியாக்குவது நீதியாகுமா?

திருச்சபை இதனைத் திருத்திக்கொண்டது. 1969-இல் வெளியான வழிபாட்டு நாள்காட்டி ஜூலை 22-ஐ மகதலா மரியாவுக்கே உரியதாக்கிற்று. 2016-இல் திருத்தந்தை பிரான்சிசு அந்நினைவைத் திருத்தூதர்க்குரிய விழாவின் நிலைக்கு உயர்த்தினார். 2021-இல் பெத்தானியா மரியா, தம் சகோதரி மார்த்தாவோடும் சகோதரர் இலாசரோடும் ஜூலை 29-இல் தமக்கென ஒரு நாளைப் பெற்றார். தவறு நீங்கிற்று, ஆனால் உயிர்ப்பு விழாவையொட்டி நம் ஊர்களில் நடக்கும் பாஸ்கா நாடகங்களில் தலைவிரி கோலமாய் வரும் மகதலேனாள் இன்னும் மறைந்தபாடில்லை. நாடகம் எழுதுவோர் லூக்காவின் இவ்விரு அதிகாரங்களை மீண்டும் ஒருமுறை படிப்பது நன்று.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாடே ஔவையாருக்குச் செய்ததும் இதுவே. மூத்த பெண்ணையும் தாயையும் குறிக்கும் ஒரு சொல்லே அவர் பெயர். சங்கப் பாடல்கள் பாடிய ஔவையார் வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளிய ஔவையார் வேறு. பல நூற்றாண்டுகள் இடையே உள்ளன. இருவரையும், வேறு சில ஔவையாரையும், கோலூன்றிய ஒரு பாட்டியாக்கி நாம் மகிழ்ந்தோம். 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படம் அந்தப் பாட்டியை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, அவன் படைக்கலக் கொட்டிலை நயமாக எள்ளி, பின் அதியமான் மாய்ந்தபோது நெஞ்சுருகப் பாடிய அரசவைப் புலவர் அப்பாட்டியின் நிழலில் மறைந்தார். அந்தத் தொண்டைமானை 1948 வரை நம் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் முன்னோனாக எண்ணிவிடுவாரும் நம்மிடையே உளர்! பெயரொற்றுமையின் மயக்கம் அத்தகையது.

இவ்வூர்ச் சங்கப் பாடலில் இன்னொரு பாடமும் உண்டு. பூதப்பாண்டியன் இறந்தபோது தானும் தீப்பாயத் துணிந்த அவன் தேவி பாடியது 246-ஆம் பாட்டு. அதை இயற்றியவர் 'பெருங்கோப்பெண்டு' எனப்படுகின்றார். பேரரசி என்பதே அதன் பொருள். பதவி நிலைத்தது; பெற்றோர் இட்ட பெயர் போயிற்று. தொகுப்பாளர் அதை எதனாலும் நிரப்பாமல், தமக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி நிறுத்தினர். தெரியாத இடத்தில் கதை கட்டாமையும் ஒரு மரியாதையே.

உயிர்ப்பு நாளின் விடியலில் மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். ஆண்டவர் விளக்கம் எதுவும் தரவில்லை. "மரியா" என்று ஒரே சொல் சொன்னார். அந்நாளில் எத்தனையோ பெண்களுக்கு இருந்த பெயர்தான் அது. ஆனால் அக்குரலில் அப்பெயர் அவர் ஒருவருக்கே உரியதாயிற்று. திரும்பிப் பார்த்தவரும் அவர் ஒருவரே. நவம்பர் மாதத்தில் நம் பங்கில் இறந்தோர் பெயர்களை வாசிக்கும்போது ஆரோக்கியசாமி, ஆரோக்கியசாமி என்று ஒரே பெயர் அடுத்தடுத்து வரக் கேட்டிருக்கின்றோம். வாசிப்பவர் ஒவ்வொரு பெயரோடும் ஊரையோ தெருவையோ தந்தை பெயரையோ சேர்த்து, சற்றே நிறுத்தி வாசிப்பாராயின், ஒல்லையூர்ச் சாத்தனுக்கு அந்தப் பழைய தொகுப்பாளர் செய்த நன்றியை அவரும் செய்தவராவார்.