காலை எங்கே வைப்பது?

ஷோரூமில் மச்சான் சூப்பர் மீட்டியர் பைக் மேல் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தது. ஐந்தடி நாலங்குல மனிதருக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. பிறகு வலது காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்ட்டைத் தேடினார். முட்டிக்கு நேர் கீழே துழாவினார். ஒன்றுமில்லை. முப்பது வருடம் நூறு சிசி வண்டி ஓட்டிப் பழகிய கால் அது, அந்த இடத்தை விட்டால் அதற்கு வேறு இடம் தெரியாது. கடைசியில் குனிந்து பார்த்துத்தான், அது வெகுதூரம் முன்னால் தள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தார்.

பக்கத்திலேயே ஷாட்கன் நின்றது. அதில் ஏறியதும் கால் தானாக ஃபுட்ரெஸ்ட்டில் போய் உட்கார்ந்தது. ஆனால் கீழே ஊன்றும்போது குதிகால் இரண்டும் மேலே எழும்பின. முதல் வண்டியின் சீட் உயரம் 740 மில்லிமீட்டர், இதற்கு 795.

“ரெண்டும் ஒரே எஞ்சின்தானே மாப்ள, அப்புறம் எதுக்கு ரெண்டு வண்டி?” என்றார்.

நியாயமான கேள்வி. இரண்டுக்கும் அதே 648 சிசி எஞ்சின், அதே 47 குதிரைத்திறன். எடையில்கூட ஒரு கிலோதான் வித்தியாசம்: 241, 240. 2023 ஜனவரியில் ஒன்று இந்தியச் சந்தைக்கு வந்தது, சரியாக ஒரு வருடம் கழித்து மற்றது. முன்னது க்ரூஸர், பின்னது பாபர். க்ரூஸர் வாங்கப் போகிறவர் சிசியையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால் தன் உடம்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கால் எங்கே, கை எங்கே, இடுப்பின் பாரம் எதன்மேல் இறங்குகிறது? இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாக வைத்ததில் பிறந்தவைதான் அத்தனை பாணிகளும்.

பாபர் பிறந்தது அழகுக்காக அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் அமெரிக்கப் பையன்கள் கனமான ஹார்லியையும் இண்டியனையும் வேகமாக ஓட்ட நினைத்தார்கள். எஞ்சினில் கைவைக்கக் காசு இல்லை. அதனால் முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், பின் மட்கார்டைப் பாதியில் வெட்டினார்கள். பின்சீட்டும் போயிற்று. குதிரை வாலைக் குட்டையாகக் கத்தரிப்பதற்கு ஆங்கிலத்தில் பாப் என்று பெயர், அதிலிருந்துதான் பாபர். சாப்பர் வேறு ஜாதி. அங்கே வெட்டியதோடு நிற்காமல் முன் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்துக்கொண்டே போனார்கள். முன்சக்கரம் ஓட்டுபவரை விட்டுத் தனியாகக் கிளம்பிப் போவது மாதிரி இருக்கும். 1969-ல் வந்த ‘ஈஸி ரைடர்’ படம் அந்த உருவத்தை உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பார்க்கப் பிரமாதம். ஒரு யூ-டர்ன் போட்டுப் பாருங்கள், தெரியும். நம்மூரில் வண்டியை அப்படி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு குறுக்கே நிற்கும்.

ஹார்லி 1984-ல் கொண்டுவந்த சாஃப்டெய்ல் என்ற சாமர்த்தியத்தைச் சொல்லாமல் போக முடியாது. பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத பழைய வண்டிகளின் முக்கோணச் சட்டத்தின் மேல் எல்லோருக்கும் காதல், ஆனால் அதில் உட்கார்ந்து போக யாருக்கும் தெம்பில்லை. ஷாக் அப்சார்பரை கியர்பாக்ஸுக்குக் கீழே படுக்கவைத்து மறைத்துவிட்டார்கள். கண்ணுக்கு 1940, முதுகுக்கு 1984. பெட்டியும் கண்ணாடியும் கட்டிய நெடும்பயண வண்டிகள், யமஹா வி-மேக்ஸ், டுகாட்டி டியாவெல் மாதிரி முறுக்கேறிய பவர் க்ரூஸர்கள் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அவற்றில் பெரிய ஆசை இல்லை. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எதற்கு இவ்வளவு அவசரம்?

ஃபோர்க்கின் சாய்வுக்கு வருவோம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. சூப்பர் மீட்டியரின் ஃபோர்க் 27.6 டிகிரி சாய்ந்திருக்கிறது, ஷாட்கனுடையது 25.3. இரண்டே சொச்சம் டிகிரி. ஹேண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்த இடைவெளி முதல் வண்டியில் 118.5 மில்லிமீட்டர், இரண்டாவதில் 101.4. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். தள்ளியதும் அதுவாகவே பின்னால் திரும்பி நேராகும். அதே வேலைதான் இங்கேயும். இடைவெளி கூடக் கூட வண்டி நேர்கோட்டில் போகவே ஆசைப்படும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, 90-ல் போகிற வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போகும். கையைச் சும்மா ஹேண்டில்பார் மேல் வைத்திருந்தால் போதும். அதே வண்டியை மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் திருப்பிப் பாருங்கள். ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் வெளிப்பக்கக் கைப்பிடி எட்டாத தூரத்துக்குப் போய்விடும். குள்ளமானவர் சீட்டின் நுனிக்கு நகர வேண்டும். தாழ்ந்த சீட் குள்ளமானவர்களுக்குத் தோது என்று விற்பனைப் பையன்கள் சொல்வது பாதி உண்மை. தரைக்குத்தான் கிட்டே, ஹேண்டிலுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் தூரம்.

இன்னொன்றையும் ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. கால் முட்டிக்குக் கீழே இருந்தால், ஸ்பீட்பிரேக்கரைப் பார்த்ததும் ஃபுட்ரெஸ்ட்டில் அழுத்தி ஒரு அங்குலம் எழும்பிக்கொள்ளலாம். குலுக்கலைத் தொடையும் கெண்டைக்காலும் வாங்கிக்கொள்ளும். கால் முன்னால் நீண்டிருந்தால் எழும்ப முடியாது, ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினால்தான் உண்டு. அடி நேராக வால் எலும்பில். பல வருடத்துக்கு முன் வாடகைக்கு எடுத்த ஒரு க்ரூஸரில் திண்டிவனம் தாண்டி, வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு ஸ்பீட்பிரேக்கரில் அறுபதில் ஏறினேன். நாலு நாள் நாற்காலியில் சாய்வாகத்தான் உட்கார்ந்தேன். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். சாலையே நீளமாக இருக்கிற ஊரில் பிறந்த ஆசனம் அது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் தலா ஒருமுறை வெடித்து முடிய கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். அதுதான் ஒரு ஆவர்த்தனம். பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர்களில் 360-க்கு ஒன்று, 360-க்கு ஒன்று என்று சமமாக விழும். சுத்தமான சதுஸ்ரம். மச்சான் உட்கார்ந்த இரண்டு வண்டியிலும் இடைவெளி 270, பிறகு 450. தொண்ணூறு டிகிரியை ஒரு எண்ணிக்கையாக வைத்தால் மூன்று, ஐந்து. தகிட, தகதகிட. கூட்டினால் எட்டு, சரியாகச் சமத்துக்கு வந்து நிற்கும். ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வினில் இரண்டு பிஸ்டன் தண்டும் ஒரே கிராங்க் முளையில் மாட்டியிருப்பதால் 315, 405. நாற்பத்தைந்தால் வகுத்துப் பாருங்கள்: ஏழு, ஒன்பது. மிஸ்ரமும் சங்கீர்ணமும்! ஐடிலிங்கில் நொண்டுகிற மாதிரிக் கேட்பது அதனால்தான். அமெரிக்கர் காதுக்கு அது ‘பொட்டேட்டோ, பொட்டேட்டோ’ என்று கேட்கிறதாம். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு உருளைக்கிழங்கு எதற்கு? 350 சிசி மீட்டியருக்கு ஒற்றைச் சிலிண்டர், அதில் ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு அடி. அதிலும் ஒரு கம்பீரம் உண்டு.

அதிர்வைக் குறைத்து வழவழப்பான வி-ட்வின் செய்துகொண்டிருந்த ஹோண்டாவே 1990-களின் நடுவில் ஷேடோ வரிசையில் ஒரு வண்டிக்கு மெனக்கெட்டு ஒற்றை முளைக் கிராங்க் போட்டது. பவர் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த நொண்டல் வேண்டும் என்று.

இதையெல்லாம் மச்சானிடம் ஷோரூம் வாசலில் டீ குடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். தாளக்கணக்கு வரும்போது அவர் டெஸ்ட் ரைடுக்குப் போய்விட்டார். இரண்டையும் ஓட்டிவிட்டு வந்தார். நானாக இருந்தால் ஷாட்கனைத்தான் எடுப்பேன். நிற்கும்போது அதன் ஒற்றைச் சீட் பின்சக்கரத்துக்கு மேல் அந்தரத்தில் மிதப்பதைப் பார்க்கவே தினமும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவேன். ஊருக்குள் வளைக்கலாம், ஸ்பீட்பிரேக்கரில் எழும்பலாம். பின்பக்க ஷாக் அப்சார்பருக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர்தான் இடம் என்பது ஒரு குறை. மற்றதில் நூறு சொச்சம் இருக்கிறது, அதுவும் தாராளம் என்று சொல்ல முடியாது.

கூட வந்திருந்த அக்கா ஷாட்கனை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ஏங்க, நான் எங்க உக்கார்றது?” என்றார். பின்சீட்டைத் தனியாக மாட்டலாம் என்று விற்பனைப் பையன் ஆரம்பித்தான். அக்கா அதற்குள் சூப்பர் மீட்டியரின் பின்னால் ஏறி, பேக்ரெஸ்ட் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். பால் வாங்கிவரப் பெரிய வண்டி எதற்கென்று என் பழைய நூறு சிசியை எடுத்தார். உதைத்து, கியர் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி வாசலைத் தாண்டியது. அவருடைய இரண்டு காலும் எஞ்சினுக்கு முன்னால், வெறும் காற்றில், எதையோ தேடிக்கொண்டிருந்தன.